காரில் பொருத்தும் கருவிகள்: அச்சிட்ட எண்களும் அச்சிடாத எண்களும்

ஒரு நூலை விமரிசனம் செய்பவர் மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கம். அதில் சொல்லியிருப்பது உண்மையா? சொல்ல வேண்டியது விடுபட்டிருக்கிறதா? படிப்பவருக்கு அது பயன்படுமா? இக்கேள்விகளை நூல்களிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்ற நியதி இல்லை. இன்று ஏராளமான மக்கள் படித்துப் பணம் கொடுத்து, ஆனால் யாரும் விமரிசனம் செய்யாமல் விட்டுவிடும் எழுத்து ஒன்று உண்டு. கடையில் விற்கும் மின்னணுக் கருவிகளின் அட்டைப் பெட்டியிலும், அதனுள் மடித்து வைத்த விளக்கத் தாளிலும் காணப்படும் எழுத்தே அது.

காரில் பொருத்தும் ஸ்டீரியோ, ஸ்பீக்கர், தொடுதிரை, முன்னும் பின்னும் வைக்கும் காமிரா ஆகியவற்றின் விளக்கத் தாள்களை இங்கு எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட நிறுவனம் எதையும் குறைகூறுவது நம் நோக்கமன்று. இவ்வகைத் தாள்கள் பலவற்றிற்கும் பொதுவான வழக்கங்களையே ஆராய்கிறோம். வீட்டு வானொலியின் பெட்டியில் அச்சிட்ட எண் பொய்த்தால் நமக்குப் பண நட்டம் மட்டுமே. காரில் அப்படியன்று. அங்கே கருவியை இயக்குபவர் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். கருவிக்கு மின்சாரம் தரும் பேட்டரியோ, கம்பி ஒன்று உரசிக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தைக் கொட்டக்கூடியது. ஆகவே இந்தத் தாள்கள் சொல்வதையும் சொல்லாமல் விடுவதையும் சற்றுக் கண்டிப்பாகவே சோதிக்க வேண்டியிருக்கிறது.

பழைய கதையில் ஒரு பாடம்

1930 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் கால்வின் என்பாரின் நிறுவனம் 'மோட்டோரோலா' என்ற பெயரில் கார் வானொலி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1932 இல் ஜெர்மனியில் பிளாபுங்க்ட்டின் 'ஆட்டோசூப்பர்' வெளிவந்தது. அதன் எடை ஏறத்தாழ 15 கிலோகிராம். அக்காலத்துக் கார் வானொலிக்கு மிகப் பெரிய எதிரி காரின் எஞ்சினே. எஞ்சினில் உள்ள ஒவ்வொரு தீப்பொறிச் செருகியும் பொறி விடும்போதெல்லாம் சிறிதளவு வானொலி அலையையும் பரப்புகிறது. அது பாட்டின் நடுவே படபடவென்ற இரைச்சலாகக் கேட்கும். இதைத் தடுக்கச் செருகிகளின் கம்பியில் மின்தடைகளையும், மின்னாக்கியில் மின்தேக்கிகளையும் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே வானொலி, சேர்த்த விதத்தைப் பொறுத்து ஒரு காரில் பாடியது; இன்னொரு காரில் படபடத்தது.

கருவியின் தரத்தில் ஒரு பாதிதான் பெட்டிக்குள் இருக்கிறது, மறுபாதி பொருத்தும் வேலையில் இருக்கிறது என்பதே அன்று கிடைத்த பாடம். இந்த உண்மை இன்றும் மாறவில்லை. ஆனால் விளக்கத் தாள்கள் முதல் பாதியைப் பற்றியே பேசுகின்றன. அதையும் எவ்வளவு சரியாகப் பேசுகின்றன என்று பார்ப்போம்.

ஐம்பது வாட் எங்கிருந்து வந்தது?

ஸ்டீரியோக்களின் பெட்டி மேல் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் '50 வாட் × 4' என்ற வரியே. நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தலைக்கு 50 வாட் திறன் என்பது பொருள். பள்ளியில் படித்த ஓம் விதியைக் கொண்டே இதைச் சோதித்து விடலாம்.

எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் அதிகமாகப் போனால் 14.4 வோல்ட் அளவில் இருக்கும். வழக்கமான கார் ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம். ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் ஆம்பிளிபயர், தனக்குக் கிடைக்கும் 14.4 வோல்ட்டையும் சிறிதும் இழக்காமல் ஸ்பீக்கருக்குக் கொடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். சீரான சைன் அலையில் உச்ச மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்றால், அதன் பயனுறு மதிப்பு அதை 2 இன் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் 10.2 வோல்ட்டே. இதன் வர்க்கத்தை 4 ஓமால் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 26 வாட். உள்ளே இழப்புகளும் உண்டு. எனவே தெளிவான ஒலியில் நடைமுறையில் கிடைப்பது 20 வாட்டை ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் 50 வாட் எங்கிருந்து வந்தது? 14.4 இன் வர்க்கத்தை நேரடியாக 4 ஆல் வகுத்துப் பாருங்கள். 51.8 வாட் என்று விடை வரும். அதாவது அலை வளைந்து ஏறி இறங்காமல், உச்சிக்குத் தாவி அங்கேயே நின்று, எதிர்ப்பக்க உச்சிக்கு மறுபடி தாவும் சதுர அலையாக இருந்தால்தான் 50 வாட் கிடைக்கும். எந்தப் பாட்டும் சதுர அலையாக இருப்பதில்லை. ஒலியை மிகவும் உயர்த்தி வைக்கும்போது அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரவென்று கேட்கிறதே, அந்த நிலையின் எல்லையைத்தான் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த எண்ணைப் பச்சைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் இசை கேட்கும் நிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொரு சோதனை அதைவிட எளிது. ஸ்டீரியோவின் பின்புறத்தில் பியூஸ் ஒன்று செருகியிருக்கும். பலவற்றில் அது 10 ஆம்பியர் அல்லது 15 ஆம்பியர். 10 ஆம்பியரை 14.4 வோல்ட்டால் பெருக்கினால் 144 வாட்தான். பெட்டியோ நான்கு ஐம்பது, மொத்தம் 200 வாட் என்கிறது. உள்ளே போவது 144 வாட்டும் வெளியே வருவது 200 வாட்டும் ஆனால் அது ஆற்றல் அழியா விதியையே மீறிய இயந்திரம்! 15 ஆம்பியர் பியூஸ் இருந்தாலும் உள்ளே போவது 216 வாட்டே. வழக்கமான ஏபி வகை ஆம்பிளிபயர் சைன் அலைக்குக் கோட்பாட்டளவில் தரக்கூடிய உச்சப் பயனுறுதிறன் 78.5 விழுக்காடு, ஆகவே 170 வாட்டைத் தாண்ட வழியில்லை. பியூஸ் கண நேர மிகை மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதும், இசை எப்போதும் ஒரே வலிமையில் இருப்பதில்லை என்பதும் மெய்யே. ஆனால் அந்தச் சமாதானத்தைச் சொல்பவர், தாம் அச்சிட்டது கண நேர எண் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியவராகிறார்.

வாட் எண்ணை ஊதிப் பெருக்கும் வழக்கம் புதியதன்று. 'பி.எம்.பி.ஓ.' என்ற எழுத்துகளுடன் ஆயிரக்கணக்கான வாட் அச்சிட்ட சிறு டேப் ரிக்கார்டர்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவுக்குப் பொதுவாக ஒப்புக்கொண்ட அளவீட்டு முறையே கிடையாது. அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டில் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆம்பிளிபயர்களின் திறனை எப்படி அளந்து விளம்பரம் செய்ய வேண்டும் என்று விதி வகுத்தது. ஆனால் அது வீட்டுக் கருவிகளுக்கான விதி. கார்க் கருவிகளுக்கு 2003 இல் அந்நாட்டு மின்னணுத் தொழில் சங்கம் 'சி.இ.ஏ. 2006' என்ற தன்விருப்பத் தரத்தை வெளியிட்டது. 14.4 வோல்ட், 4 ஓம், சிதைவும் இரைச்சலும் சேர்ந்து 1 விழுக்காட்டுக்கு மேற்படாத நிலை என்று அளவீட்டுக்குரிய நிபந்தனைகளை அது வரையறுத்தது. இத்தரப்படி அளந்த எண்ணையும் சேர்த்து அச்சிடும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பாராட்ட வேண்டும். ஆயினும் அந்த எண் பெரும்பாலும் பெட்டியின் முகப்பில் இருப்பதில்லை. உள்ளே தாளின் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

வாட்டும் செவியும்

சரி, 20 வாட்தான் கிடைக்கிறது என்றால் நமக்குப் பெரிய இழப்பா? இங்குதான் தாள் இரண்டாவது முறை நம்மைத் திசைதிருப்புகிறது. நம் செவி வாட் கணக்கில் கேட்பதில்லை. திறனை இரு மடங்காக்கினால் ஒலி அளவு 3 டெசிபல்தான் உயர்கிறது. ஒலி இரு மடங்கு உரத்துக் கேட்பதாகச் செவிக்குத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். ஆகவே 25 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வேறுபாடு, பெட்டியில் தெரியும் அளவுக்குக் காதில் தெரியாது.

ஸ்பீக்கரின் விளக்கத் தாளில் 'உணர்திறன்' என்ற ஓர் எண் ஒதுங்கி நிற்கும். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதே அது. 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றையும் 92 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்றையும் ஒப்பிடுவோம். இடைவெளி 5 டெசிபல். இது திறனில் மூன்று மடங்குக்குச் சற்றே மேல். 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் எழுப்பும் ஒலியை எழுப்ப, மற்றதற்கு 63 வாட் வேண்டும். வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய எண் இது. ஆனால் தாளில் முதலில் நிற்பதோ 'உச்சத் திறன் 300 வாட்' என்ற வரி. அது ஸ்பீக்கர் கண நேரம் தாங்கக்கூடிய திறனைச் சொல்கிறதே தவிர, எழுப்பும் ஒலியைச் சொல்வதன்று.

எந்தத் தாளிலும் இல்லாத இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது கார்க் கதவைப் பற்றியது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது, பின்புறக் காற்று தளர்கிறது. கதவின் உட்தகட்டில் உள்ள பெரிய துளைகள் வழியே இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்தால், தாழ்ந்த சுருதி ஒலிகள் தமக்குள் அழிந்துவிடும். துளைகளை மூடி, அதிரும் தகட்டுக்கு அதிர்வு தணிக்கும் பட்டை ஒட்டினால், புதிய ஸ்பீக்கர் வாங்காமலே மத்தள ஒலியில் மாற்றம் தெரியும். இரண்டாவது, ஓட்டுநர் இருக்கும் இடம். நம் நாட்டுக் காரில் அவர் வலப்பக்கம் அமர்கிறார். வலக் கதவின் ஸ்பீக்கர் அவருக்கு 0.9 மீட்டர் தொலைவிலும் இடக் கதவினுடையது 1.5 மீட்டர் தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 343 மீட்டர் செல்லும் ஒலி அந்த 0.6 மீட்டரைக் கடக்க 1.75 மில்லி வினாடி ஆகும். வலப்பக்க ஒலி முந்திவிடுவதால் பாடகர் வலக் கதவுக்குள் இருந்து பாடுவதுபோல் தோன்றுகிறது. சில ஸ்டீரியோக்களில் வலப்பக்க ஒலியை இந்த அளவு தாமதப்படுத்தும் வசதி இருக்கிறது. அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது, இன்னும் பத்து வாட் தேடுவதைக் காட்டிலும் பயன் தரும்.

திரை எத்தனை அங்குலம்? பார்வை எத்தனை வினாடி?

தொடுதிரைகளின் தாளில் அங்குலமும், நினைவகத்தின் அளவும், படப்புள்ளிகளின் எண்ணிக்கையும் இருக்கும். ஒரு வேலையைச் செய்ய ஓட்டுநர் எத்தனை முறை தொட வேண்டும், எவ்வளவு நேரம் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க வேண்டும் என்பது இருக்காது. ஆனால் உயிரோடு தொடர்புள்ள எண் அதுதான்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு வினாடியில் 16.7 மீட்டர் கடக்கிறது. இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு பார்வை 2 வினாடிக்குள்ளும், ஒரு வேலைக்கான மொத்தப் பார்வை நேரம் 12 வினாடிக்குள்ளும் அடங்க வேண்டும் என்று கூறின. சுவீடனில் வெளிவரும் 'வி பீலேகரே' என்ற கார் இதழ் 2022 இல் ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வானொலி நிலையம் மாற்றுவது போன்ற நான்கு சிறு வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். பொத்தான்களும் திருகுகளும் கொண்ட 2005 ஆம் ஆண்டு வால்வோ கார் ஒன்றில் 10 வினாடியில் வேலை முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் சென்றது. தொடுதிரை கொண்ட புதிய கார்களுள் மிகப் பின்தங்கியதில் ஏறத்தாழ 45 வினாடி ஆயிற்று. கார் 1,372 மீட்டர் சென்றுவிட்டது. ஐரோப்பாவின் 'யூரோ என்காப்' அமைப்பு 2026 முதலான தன் மதிப்பீட்டில், திரும்பும் விளக்கு, அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான்கள் இருப்பதை வலியுறுத்துவதற்கு இத்தகைய கவலையே காரணம்.

தொடுதிரை கூடாது என்பது இதன் முடிவன்று. வழிகாட்டும் படத்தைக் கைப்பேசியில் குனிந்து பார்ப்பதைவிடக் கண்மட்டத்துக்கு அருகிலுள்ள திரையில் பார்ப்பது மேல். 2014 இல் அறிவிக்கப்பட்ட கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆகிய இரண்டும் கைப்பேசியின் பயன்பாடுகளைப் பெரிய எழுத்தில், குறைந்த படிகளில் திரைக்குக் கொண்டுவந்தன, பேச்சாலும் இயக்கலாம். ஆனால் ஒலி அளவைக் கூட்டவும் குறைக்கவும் திருகு ஒன்று இல்லாத, காரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டீயரிங் பொத்தான்களோடு இணையாத திரை, 10 அங்குலம் ஆனாலும் 12 அங்குலம் ஆனாலும் குறையுள்ளதே. கடையில் நின்ற நிலையில் கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் குறைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் ஓடும் காரிலும் பார்க்காமல் முடியாது.

நான்கில் மூன்று புள்ளிகள்

முன் கண்ணாடியில் பொருத்தும் டேஷ் காமிராவை வாங்குபவரின் நோக்கம் ஒன்றே. விபத்தோ வழக்கோ நேர்ந்தால் நடந்ததைக் காட்ட வேண்டும்; இடித்துவிட்டுப் போன வண்டியின் எண் தெரிய வேண்டும். பெட்டியில் '4கே' என்று இருக்கிறது. இது போதுமா?

முழு எச்.டி. படத்தில் குறுக்காக 1920 புள்ளிகள் உண்டு. லென்சு கிடைமட்டத்தில் 120 பாகை அகலம் பார்ப்பதாகக் கொண்டால் ஒரு பாகைக்குச் சராசரி 16 புள்ளிகள். காரின் எண் பலகை 500 மில்லிமீட்டர் நீளம். அது 10 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2.9 பாகை அளவே தெரியும். ஆகவே பலகை முழுவதற்கும் கிடைப்பது 46 புள்ளிகள். அதில் பத்து எழுத்துகள். எழுத்துக்கு நான்கைந்து புள்ளிகள் இருந்தால் 8 என்பதும் 3 என்பதும் ஒன்றுபோலவே தெரியும். உண்மையான 4கே படத்தில் புள்ளிகள் இரு மடங்காகி, எழுத்துக்கு ஒன்பது கிடைக்கும், படிக்க வாய்ப்புண்டு. 20 மீட்டர் தொலைவில் அதுவும் பாதியாகிவிடும். லென்சின் கோணம் கூடக் கூடப் புள்ளிகள் சிதறி எழுத்து மங்கும். '170 பாகை அகலக் காட்சி' என்பதைத் தாள் பெருமையாகச் சொல்கிறது. அதன் விலை என்ன என்பதைச் சொல்வதில்லை.

மேலும், பெட்டியில் சொல்லும் 4கே மெய்யான 4கே தானா என்றும் பார்க்க வேண்டும். முழு எச்.டி. படத்தில் உள்ளவை 20.7 லட்சம் புள்ளிகள். 4கே படத்தில் 82.9 லட்சம். உள்ளே 20 லட்சம் புள்ளி உணரி ஒன்றை வைத்துவிட்டு, கணக்கிட்டு இட்டு நிரப்பி 4கே கோப்பாக எழுதும் மலிவுக் காமிராக்கள் இருக்கின்றன. அப்படத்தில் நான்கில் மூன்று புள்ளிகள் காமிரா கண்டவை அல்ல, ஊகித்து வரைந்தவை. உணரியின் பெயரையும் அதன் புள்ளி எண்ணிக்கையையும் தாள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் சந்தேகிப்பதே முறை.

இரவில் புள்ளிகள் மட்டும் போதமாட்டா. வெளிச்சம் குறையும்போது காமிரா ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். குறுக்கே 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 1/30 வினாடியில் 33 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். இது எண் பலகையின் மூன்றில் இரண்டு பங்கு நீளம். எத்தனை கே ஆனாலும் அங்கே தெரிவது வெள்ளைக் கோடு ஒன்றே. பகலில் 1/1000 வினாடி போதுமாதலால் நகர்வு 1 சென்டிமீட்டர்தான். எனவே இரவுக் காட்சியின் மாதிரிப் படத்தைப் பார்க்காமல் காமிரா வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதாகும்.

நம் ஊர் வெயிலையும் தாள் மறந்துவிடுகிறது. மூடிய காரை வெயிலில் நிறுத்தினால் ஒரு மணி நேரத்தில் உள்ளே வெப்பநிலை வெளியைவிட 20 பாகை செல்சியசுக்குக் குறையாமல் ஏறிவிடலாம்; கண்ணாடியை ஒட்டிய காமிராவின் நிலை இன்னும் மோசம். பெரும்பாலான லித்தியம் அயனி மின்கலங்களை 45 பாகைக்கு மேல் மின்னேற்றம் செய்யக் கூடாது. இத்தகைய மின்கலத்துக்குப் பதில் மீமின்தேக்கி வைத்த காமிராக்கள் வெப்பத்தை நன்கு தாங்குகின்றன. பதிவட்டையும், இடைவிடாமல் அழித்து எழுதுவதைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். வினாடிக்கு 30 மெகாபிட் வீதம் பதிந்தால் மணிக்கு 13.5 ஜிகாபைட் ஆகும். 64 ஜிகாபைட் அட்டை ஐந்து மணி நேரம் கூடத் தாங்காது, அதன் பின் பழையதை அழித்து எழுதத் தொடங்கும். விபத்துப் பதிவை உடனே பூட்டி வைக்காதவர் அதை இழந்துவிடுவார். காமிராவின் கடிகாரத்தையும் சரியாக வைக்க வேண்டும். தவறான தேதியிட்ட பதிவு சாட்சியத்துக்கு உதவுவதைவிடச் சிக்கலையே விளைவிக்கும்.

பின்னோக்கும் காமிராவுக்கோ அளவுகோல் வேறு. அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய கார்கள் அனைத்திலும் இது கட்டாயம். பின் கியர் போட்ட 2 வினாடிக்குள் படம் தெரிய வேண்டும் என்பது அங்குள்ள விதி. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில் பின்புற உணரி கட்டாயமாயிற்று. பின்னால் நிற்கும் குழந்தையைக் காண்பதற்கே இந்த ஏற்பாடு. வெளியே வாங்கிப் பொருத்தும் திரைகளில் சில, காரைக் கிளப்பியதும் விழித்தெழுவதற்கே அரை நிமிடம் எடுக்கின்றன. காலையில் காரைக் கிளப்பியவுடன் பின்னோக்கி எடுப்பதே பலரின் வழக்கம். அந்த அரை நிமிடத்தில் காமிரா இருந்தும் இல்லாததே. இந்த எண்ணை அச்சிட்ட பெட்டியைக் காண்பது அரிது.

கம்பியில் இருக்கும் மறுபாதி

இனி, பொருத்தும் வேலை. தனி ஆம்பிளிபயர் ஒன்று நான்கு ஸ்பீக்கர்களுக்குத் தலைக்கு மெய்யாகவே 100 வாட் கொடுப்பதாகக் கொண்டால், இழப்புகளையும் சேர்த்து அது 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரியிலிருந்து பின்புறம் வரை 5 மீட்டர் தாமிரக் கம்பி போடுகிறோம். குறுக்குப் பரப்பு 4 சதுர மில்லிமீட்டர் என்றால் அதன் மின்தடை ஏறத்தாழ 0.02 ஓம்தான். ஆனால் 40 ஆம்பியரில் அது 0.86 வோல்ட்டை விழுங்கி, 34 வாட்டை வெப்பமாக்குகிறது. 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு நான்கில் ஒரு பங்கே. மலிவான கம்பித் தொகுப்புகளில் தாமிரம் பூசிய அலுமினியம் இருப்பதுண்டு. பார்வைக்குத் தாமிரம் போலவே இருக்கும். மின்கடத்தும் திறனோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான்.

பியூஸ் எங்கே இருக்க வேண்டும் என்பதில் பலருக்குக் குழப்பம் உண்டு. பியூஸ் காப்பது கம்பியை. ஆகவே அது பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆம்பிளிபயர் அருகே வைத்தால், இடையிலுள்ள 5 மீட்டர் கம்பி எங்காவது தகட்டில் உரசித் தோல் கிழியும்போது அதைத் தடுக்க எதுவுமில்லை. கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும். எஞ்சின் அறைத் தகட்டைத் துளைத்துக் கம்பியைக் கொண்டுசெல்லும் இடத்தில் இரப்பர் வளையம் போடாமல் விடுவது, அந்த உரசலுக்கு நாமே நாள் குறிப்பதாகும். ஆம்பிளிபயரின் எர்த்தைப் பெயிண்டைச் சுரண்டிய உலோகத்தில் இறுக்க வேண்டும். ஒலிக் கம்பியையும் மின் கம்பியையும் ஒரே பக்கமாகக் கொண்டுசெல்லக் கூடாது. தவறினால் எஞ்சின் வேகம் கூடக் கூட ஸ்பீக்கரில் ஒரு ஊளைச் சத்தமும் ஏறிக்கொண்டே போகும். 1930 இன் படபடப்பு உருமாறி வந்ததுதான் இது.

இன்றைய காரில் இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. டேஷ் காமிராவின் கம்பியை முன்தூணின் உறைக்குள் செருகுவது வழக்கம். பல கார்களில் பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பை அங்கே மடிந்திருக்கிறது. மோதலின்போது ஏறத்தாழ 30 மில்லி வினாடியில் அது விரியும். கம்பி அதன் குறுக்கே போனால் விரிவதைத் தடுக்கும். ஆகவே பைக்குப் பின்னால்தான் கம்பியைக் கொண்டுசெல்ல வேண்டும். அடுத்தது, காரின் சொந்தக் கம்பியை வெட்டி முறுக்கி இணைப்பது. 1986 இல் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'கேன்' இணைப்பு முறையில், காரின் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒரே இணைக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. ஸ்டீரியோவின் பின்னால் வரும் மெல்லிய கம்பிகளுள் அதுவும் இருக்கலாம். காரின் மாதிரிக்கேற்ற இணைப்புச் செருகி கடைகளில் கிடைக்கிறது. ஒன்றையும் வெட்டாமல் பொருத்தும் கடைக்காரர் சற்று அதிகக் கூலி கேட்டாலும் அது நியாயமான கூலியே.

தீர்ப்பு

தொடக்கத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை கூறலாம். இவ்வகைத் தாள்கள் சொல்வதில் ஒரு பகுதி உண்மை. ஆனால் அது கருவியின் மிகச் சிறந்த கண நேரத்தைப் பற்றிய உண்மை. விடுபட்டவை பல: தெளிவான ஒலியில் தொடர்ந்து கிடைக்கும் வாட், திரை விழித்தெழும் நேரம், ஒரு வேலைக்கு வேண்டிய தொடுதல்கள், உணரியின் மெய்யான புள்ளி எண்ணிக்கை, தாங்கும் வெப்பநிலை, தேவையான கம்பியின் பரப்பு. பயன் என்று பார்த்தால், இரண்டு கருவிகளை ஒப்பிட இத்தாள்கள் உதவுவது குறைவு. பெரிய எண்ணைப் பொறுக்கி எடுக்கவே உதவுகின்றன.

குறை விற்பவரிடம் மட்டும் இருப்பதாகச் சொல்வது நேர்மையாகாது. 20 வாட் என்று உண்மையை அச்சிட்ட பெட்டி, 50 வாட் என்று அச்சிட்ட பெட்டியின் அருகே அடுக்கியிருந்தால் நம்மில் எத்தனை பேர் முதலாவதை எடுப்போம்? வாங்குபவர் கேட்காத வரையில் உண்மையான எண் முகப்புக்கு வராது. ஓம் விதியைத் தேர்வுத்தாளில் எழுதி முழு மதிப்பெண் பெற்ற மாணவர், வீட்டில் கார் ஸ்டீரியோ வாங்கும் நாளில் அதை மறந்துவிடுகிறார். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த எவரும் செய்யக்கூடிய சோதனைகளே மேலே கண்டவை. அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஸ்டீரியோவைப் புரட்டி, பின்னாலுள்ள பியூசின் மேல் பொறித்த ஆம்பியரைப் படித்து 14.4 ஆல் பெருக்கிப் பாருங்கள். முகப்பில் அச்சிட்ட வாட் அந்த விடையை மிஞ்சினால், இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.